மெரினாவும் ஒரு டிரம்மும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பாய்ப்படகில் ஊர் சுற்றுவதைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. சென்னைக்கும் வெளிநாட்டில் இருப்பதுபோல ஒரு மெரினா வேண்டும், உல்லாசப் படகுகள் வந்து நிற்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். காசிமேடு டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்தவர் பேப்பரை மடித்துவிட்டு, "ஏற்கெனவே கீற மெரினாவ இன்னா பண்ணப் போறானுங்களாம்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அறுபத்திரண்டு வயது வரைக்கும் எனக்கும் மெரினா என்றால் சுண்டல், குதிரை, கலங்கரை விளக்கம் அவ்வளவுதான். படகுகளைக் கட்டி நிறுத்தும் இடத்துக்குத்தான் உலகத்தில் அந்தப் பெயர் என்பது இந்தப் பிப்ரவரியில் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் நடுவில் வெட்டுங்கள். கடைசியில் டிரம்மைப் பற்றி வருவதை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

நான் காசிமேட்டில் நாற்பது வருஷமாக மீன்பிடி லாஞ்சு இன்ஜின் பார்க்கிறவன். பெரும்பாலும் லேலண்டு. பாய்ப்படகு எனக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம். சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911 முதல் ஒரு பாய்ப்படகு கிளப் இருக்கிறது. சின்ன வயதில் தூரத்தில் வெள்ளைப் பாய்கள் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று என் தங்கையிடம் சொல்லி நம்ப வைத்ததுதான் அதோடு எனக்கிருந்த ஒரே உறவு.

ராயபுரத்தில் ஒன்றாகப் படித்த நாலு பேர் நாங்கள். ஒருவன் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மலேசியாவில், பினாங்கில் மகள் வீட்டோடு இருக்கிறான். ஒருவன் வங்கியில் காசாளராக இருந்தவன். இன்னொருவன் மின்வாரியம். பினாங்குக்காரன் அங்கே இரண்டு பேரோடு பங்கு போட்டு முப்பத்தாறு அடியில் ஒரு பழைய பாய்ப்படகு வாங்கியிருக்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு போன். "மச்சான், பாய்லாம் புத்சு. இன்ஜின்தான் இருமுது. அவனுங்க ரெண்டு பேரையும் இட்டுகினு வா, லங்காவி போலாம்." நண்பனைப் பார்க்கக் கூப்பிட்டானா, மெக்கானிக்குக் கூலி மிச்சம் பிடிக்கக் கூப்பிட்டானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கினவர். ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் டிரங்குப் பெட்டிகளை ஏற்றியவர். அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமே நின்றுபோனது. இத்தனை பேரை ஏற்றி அனுப்பிய மனிதர் ஒரு தடவைகூட ஏறிப் போனதில்லை. நான் கோலாலம்பூர் வழியாக விமானத்தில் போய் இறங்கினேன். பெட்டியை நானே தூக்கினேன்.

பினாங்கிலிருந்து லங்காவித் தீவு சுமார் அறுபது கடல் மைல். எங்கள் படகு மணிக்கு ஐந்து மைல் ஓடினால் பெரிய விஷயம். பிப்ரவரியில் அங்கேயும் வாடைக் காற்றுதான். ஆனால் மலேசியாவின் நடுவில் மலைத்தொடர் மறித்து நிற்பதால் மேற்குப் பக்கக் கடலுக்கு அது மெலிந்துபோய்த்தான் வந்து சேர்கிறது. நம் கடலில் வாடை அடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டும்; அங்கே கடல் திருவொற்றியூர் கோயில் குளம் மாதிரி கிடந்தது. அந்த மெலிந்த காற்றும் எதிர்க்காற்று. பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வளைந்து வளைந்து போக வேண்டியிருந்தது. பாய்ப்படகு என்று பெயர்தானே தவிர, பாதித் தூரம் ஓடியது இன்ஜினில்தான். உங்கள் கட்டுரையாளர் இதை எழுதவில்லை. எழுதினால் அழகு கெட்டுவிடும் என்று விட்டிருப்பார்.

கரையோரமாக ஒரு மலை நாள் முழுக்கக் கூடவே வந்தது. ஜெராய் மலை, ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த வியாபாரிகளுக்கு அதுதான் அடையாளமாம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பக்கம்தான் கடாரம். 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்துப் போன கடாரம். மின்வாரியக்காரன் எழுந்து நின்று மீசையை முறுக்கிக்கொண்டான். காசாளர் அதற்குள் ஒரு பக்கமாகக் குனிந்து காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடாரத்துக்குக் காணிக்கை வைத்துக்கொண்டிருந்தான். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொண்டு படுத்தவன், மறுநாள்தான் எழுந்தான்.

பாயார் தீவு தாண்டியதும் சாயங்காலம் இன்ஜின் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. புரொபெல்லரில் வலை. பினாங்குக்காரன் மீனவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்தான். விளக்கு வைக்காமல் வலை போடுகிறான்கள், எல்லாப் பாய்ப்படகுக்காரர்களுக்கும் இதே பேஜார் என்றான். "டேய், இப்ப நம்மளத் திட்ட வேண்டியது வலைக்காரன். நீ வாய மூடு" என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு தண்ணீரில் இறங்கினேன்.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்ததும் சிரிப்பு வந்தது. தங்கூஸ் வலை, நைலான் இழை. காசிமேட்டில் எத்தனை தடவை இதே இழையைத் தண்டிலிருந்து உரித்திருப்பேன்! சூட்டில் உருகி, தண்டைச் சுற்றி மோதிரம் மாதிரி இறுகிப்போயிருந்தது. சரசரவென்று அறுத்துப் போட்டால் பத்து நிமிஷ வேலை. எனக்குக் கை வரவில்லை. புரொபெல்லரைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, மூச்சு வாங்க மேலே வந்து வந்து, முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில்தான் அறுக்க வேண்டி வந்தது. அதற்குள் ஒரு சின்ன ஃபைபர் போட்டில் வலைக்காரர் வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும், தலையில் துண்டு. வலையை வாங்கி மடியில் போட்டு, அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, எத்தனை கண் போயிருக்கிறது என்று கட்டைவிரலால் நகர்த்தி எண்ணினார். நான் சட்டைப் பையிலிருந்த ரிங்கிட்டை எடுத்து நீட்டினேன். "தாக் அப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தமாம். எனக்குக் காதில் அப்பா என்றுதான் விழுந்தது. கட்டாயப்படுத்திக் கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி பினாங்குக்காரன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

லங்காவியின் குவா ஊரில், பெரிய கழுகுச் சிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது நான் பார்த்த மெரினா. உள்ளே நுழைந்ததும் நான் கவனித்தது படகுகளை இல்லை, தரையை. நாம் நடக்கும் தரையே மிதக்கிறது. கடலடியில் அறைந்த பெரிய பெரிய கம்பங்கள். கம்பத்தைச் சுற்றி வளையம், வளையத்தோடு சேர்ந்த மிதவைப் பாலம். ஓதம் ஏறினால் பாலமும் ஏறும், இறங்கினால் இறங்கும். அங்கே ஓதம் ஆள் உயரத்துக்கு மேலேயே ஏறி இறங்குகிறது. நம் பக்கம் மூன்றடி, மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. காலையில் கரைக்குப் போகும் சாய்வுப் பலகை ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது. மத்தியானம் அதே பலகை திண்ணை மாதிரி சமமாகிவிட்டது. படகுக்கும் பாலத்துக்கும் உயர வித்தியாசம் எந்த நேரமும் ஒரே அளவு. மீன் கூடையோடு ஒரு பெண் இறங்கினால் புடவையை வரிந்து கட்டாமலே இறங்கலாம். எனக்கு உடனே தோன்றியது அதுதான். காசிமேட்டில் நாலு லாஞ்சைத் தாண்டித் தாவித்தான் ஐந்தாவது லாஞ்சுக்குப் போக முடியும். போன வருஷம் என் பையன் அப்படித் தாவும்போது இரண்டு லாஞ்சுக்கு நடுவில் கணுக்காலைக் கொடுத்துவிட்டு ஆறு வாரம் வீட்டில் இருந்தான்.

ஒவ்வொரு படகுக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கரண்ட் பிளக். படகு பாலத்தில் இடிக்காமல் இருக்கத் தொங்கவிடும் ரப்பர் உருளைகளுக்கு பனியன் போட்டுவிட்டிருந்தார்கள், அழுக்காகாமல் இருக்க. நாங்கள் லாரி டயர் தொங்கவிடுகிறவர்கள். மின்வாரியக்காரன் ஒரு உருளையைத் தடவிப் பார்த்து, "இதுக்கு வேட்டியும் கட்டிவுட்டா மாப்ள ரெடி" என்றான். ராத்திரி அங்கே தூக்கம் வரவில்லை. ஐஸ் உடைக்கிற சத்தம் இல்லை, ஏலம் இல்லை. காற்றுக்கு யாரோ ஒருவர் படகின் கயிறு அலுமினியப் பாய்மரத்தில் டிங் டிங் என்று தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்கு எழுந்து போய், யார் படகென்று தெரியாமலே அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன்.

காலையில் அந்தப் படகுக்காரர் நன்றி சொல்ல வந்தார், பிரெஞ்சுக்காரர். அவருடையது இரட்டை உடல் படகு. கேட்டமரான் என்றார். அது எங்கள் ஊர்ச் சொல், கட்டு, மரம் என்று என் நண்பன் ஆங்கிலத்தில் பெருமையாக விளக்கினான். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கட்டுமரத்தில் உடலே கிடையாது, உள்ளே வெளியே கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்தது, அவ்வளவுதான். தண்ணீர் இடுக்கு வழியாக வரும், போகும். முழங்கால் எப்போதும் நனைந்திருக்கும். கரைக்கு வந்ததும் அவிழ்த்து மணலில் காயப்போட வேண்டும். இவர் படகில் ஃபிரிட்ஜ் இருந்தது. சொல்லை நம்மிடம் எடுத்துக்கொண்டார்கள், சரி. ஆனால் அந்தச் சொல்லுக்குரிய பொருளை இன்று காசிமேட்டில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். 2004 சுனாமிக்குப் பிறகு எல்லோரும் ஃபைபருக்கு மாறிவிட்டோம். அதே ஞாயிற்றுக்கிழமை இந்தத் தீவில் வேறு இரண்டு மெரினாக்களைச் சுனாமி அடித்து நொறுக்கியதாம். அவர் கையை மேலே தூக்கி அலையைக் காட்டினார். எங்கள் ஊரில் லாஞ்சு ரோட்டில் கிடந்ததை நான் கையால் காட்டினேன். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

இப்போது டிரம்முக்கு வருகிறேன். இன்ஜின் ஆயிலை மாற்ற வேண்டியிருந்தது. சின்ன இன்ஜின், மூன்று லிட்டர் சொச்சம்தான் பழைய ஆயில். அதைக் கேனில் பிடித்துக்கொண்டு எங்கே போடுவது என்று விசாரித்தேன். பட்டறைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். அங்கே இருந்தது நம்ம தமிழ்த் தம்பி, அங்கே கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பையன். நான் வாயைத் திறந்ததுமே, "அண்ணே மெட்ராஸா?" என்றான். அடுத்த கேள்விதான் நான் எதிர்பாராதது: "தண்ணி கலந்ததா, கலக்காததா?"

கொட்டகைக்குள் இரண்டு டிரம். ஒன்றில் சுத்தமான பழைய ஆயில். இன்னொன்றில் படகின் அடியில் தேங்கும் அழுக்குத் தண்ணீர், டீசலும் ஆயிலும் கலந்தது. டிரம்களுக்குக் கீழே சிமெண்டுத் தொட்டி, சிந்தினால் அதிலேயே நிற்கும். "மாத்தி ஊத்திடாதீங்க அண்ணே, அப்புறம் எடுக்குறவன் எடுக்க மாட்டான் லா" என்றான். என்னிடம் இருந்தது கலக்காதது. ஊற்றினேன். ஊற்றும்போது என் கை நடுங்கியது என்று எழுதினால் பொய். ஆனால் காசிமேட்டில் நாற்பது வருஷத்தில் என்னிடம் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது என்று மட்டும் நினைத்தேன்.

எங்கள் தொழில் ரகசியத்தை ஒன்று சொல்கிறேன். கலக்காத பழைய ஆயிலை காசிமேட்டில் எவனும் கடலில் கொட்ட மாட்டான். அது துட்டு. எடுத்துக்கொள்ள ஆள் தேடி வருவார்கள். கடலுக்குப் போவது தண்ணீர் கலந்தது. அதை வாங்க ஆளில்லை, வைக்க இடமில்லை. மோட்டாரைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் பக்கவாட்டுக் குழாய் வழியாகப் போய்விடும். நானும் போட்டிருக்கிறேன். எத்தனை தடவை என்று கணக்கு வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதக் கூச்சமாக இருக்கும். 2017 ஜனவரியில் எண்ணூருக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தபோது மறுபடி மக்கும் பக்கெட்டும். அப்போது நாங்கள் எல்லோரும் போட்ட சத்தம் நியாயம்தான். சத்தம் போட்டவர்களில் ஒருவனான என் லாஞ்சுக் கொட்டகையிலிருந்தும் வானவில் கலர் தண்ணீர் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது.

மெரினா வேண்டும் என்ற உங்கள் கட்டுரையை நான் எதிர்க்கவில்லை. கொச்சியில் போல்காட்டி தீவில் ஏற்கெனவே இருக்கிறது, இங்கேயும் வரட்டும். ஆனால் அந்தப் பெயரில் எங்களுக்கு ஒரு பழைய பாக்கி உண்டு. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் சிசிலி ஞாபகத்தில் தெற்கே அந்தக் கரைக்கு மெரினா என்று பெயர் வைத்தார். அப்போதே துறைமுகச் சுவர் எழுந்துகொண்டிருந்தது. வருஷத்தில் பெரும்பகுதி தெண்டி வெள்ளம் என்கிற நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே இழுத்து வரும். சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கிலேயே தங்கி மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே எங்கள் கரையைக் கடல் கடித்துத் தின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இன்று மணலுக்குப் பதில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. என் பாட்டி வலை காயப்போட்ட இடத்தைக் கேட்டால் கடலுக்குள் கையைக் காட்ட வேண்டும். பெயரும் அவர்களுக்கு, மணலும் அவர்களுக்கு. பாலம், குழாய், டிரம் என்று மெரினாவுக்கு வேறு ஒரு அர்த்தம் இருக்கிறது அல்லவா, அதில் இருந்து கொஞ்சம் எங்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். ஃபைபர் போட்டுகள் நிற்கும் பக்கம் ஒரு மிதவைப் பாலம். நடக்கும் தூரத்தில் குழாய். அந்தத் தம்பி கேட்ட கேள்வியைக் கேட்க ஒரு ஆள்.

ஊர் திரும்பிய மறுவாரம் இருநூறு லிட்டர் டிரம் ஒன்று என் காசில் வாங்கி, கொட்டகை வாசலில் வைத்து, வெள்ளைப் பெயிண்டில் "பழைய ஆயில்" என்று எழுதினேன். நாலாம் நாள் பாதி நிறைந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஆயிலும் இல்லை, டிரம்மும் இல்லை. என் எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது.

இரண்டாவது டிரம் வாங்கி, "தண்ணி கலந்தது" என்று எழுதி வைத்தேன். பூட்டும் போடவில்லை, சங்கிலியும் போடவில்லை. ஒருவனும் தொடவில்லை. பக்கத்து லாஞ்சுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கேனோடு வர ஆரம்பித்தார்கள். லாஞ்சை ஓட்டும் ஒரு சிராங்கு தன் பையனிடம் கேனைக் கொடுத்து, "போ, லங்காவில ஊத்தினு வா" என்கிறான். கொட்டகைக்குப் பெயரே அப்படி ஆகிவிட்டது.

இதை எடுத்துப் போக யாரைக் கேட்பது என்று ஒரு அலுவலகத்தில் விசாரித்தேன். மனு கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். இன்னொரு மேஜையைக் காட்டினார்கள், அங்கேயும் கொடுத்தேன். இரண்டு நகலும் என்னிடம் இருக்கின்றன.

இன்று காலை குச்சி விட்டுப் பார்த்தேன், டிரம் முக்கால் நிறைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லா லாஞ்சும் கரையில் நிற்கும், எல்லா இன்ஜினும் பிரியும். உங்கள் பேப்பரைப் படிக்கிற அதிகாரி யாராவது இருந்தால் ஏப்ரல் 14ஆம் தேதிக்குள் ஒரு வண்டி அனுப்பட்டும். ஏலக்கூடத்துக்குப் பின்னால் வந்து லங்காவி எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

இப்படிக்கு,
ஒரு படகு மெக்கானிக்,
காசிமேடு, சென்னை – 13.